வாரம் ஒரு மணி நேரம்: கணிதத் துறைக்கும் கணினித் துறைக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளின் கணிதத் துறைத் தலைவர்களுக்கும், கணினி அறிவியல் துறைத் தலைவர்களுக்கும், இரு துறைகளின் மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கும்

வணக்கம்.

கல்லூரி திறந்ததும் அந்த ஆண்டின் மன்ற நிகழ்ச்சிகளைக் காலண்டரில் சேர்க்கக் கேட்பார்கள். பெரும்பாலும் சென்ற ஆண்டின் பட்டியலே திரும்பவும் போகும். கணித மன்றத் தொடக்க விழா, இரண்டு சிறப்புச் சொற்பொழிவு, ஒரு நாள் பயிலரங்கு, டிசம்பர் 22 தேசிய கணித நாள், கல்லூரிகளுக்கிடையிலான போட்டி, நிறைவு விழா. கணினித் துறையில் இவையே சிம்போசியம், பேப்பர் பிரசன்டேஷன், டீபக்கிங் என்று வேறு பெயரில் வரும். இவற்றை நிறுத்தச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. இவற்றோடு ஒன்றே ஒன்றைச் சேர்க்கக் கேட்கிறோம். வாரம் ஒரு மணி நேரம், இரு துறை மாணவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். ஆசிரியர்களும் உடன் உட்கார வேண்டும். மேடையும் மாலையும் சான்றிதழும் அதற்குத் தேவையில்லை.

விழா நாளில் 200 பேர் உட்கார்ந்திருக்க ஒருவர் பேசுகிறார். பேச்சு நன்றாகவே இருக்கலாம். ஆனால் ஒரு சான்றை எழுதவும், ஓடாத நிரலில் பிழையைப் பிடிக்கவும் கேட்டுப் பழக முடியாது. சிக்கிக்கொண்டு அரை மணி நேரம் தவித்தால்தான் அது கைவரும். பாடவேளையில் அந்தத் தவிப்புக்கு இடமில்லை, ஐந்து யூனிட்டையும் முடித்தாக வேண்டும். அதற்கென்றே ஒரு மணி நேரத்தை ஒதுக்கக்கூடிய ஒரே இடம் மன்றம்தான்.

இது நம் மண்ணுக்குப் புதிய யோசனை அல்ல. டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசுவாமி ஐயர் 1907இல் அனலிட்டிக் கிளப் என்று ஒன்றைத் தொடங்கினார். இந்தியக் கணிதக் கழகமாக வளர்ந்தது அதுதான். புத்தகம் கிடைக்காத ஊர்களில் இருந்த ஆசிரியர்கள் நூல்களையும் இதழ்களையும் அஞ்சலில் சுற்றுக்கு விட்டுப் படித்தார்கள். 1909இல் இதழ் தொடங்கியபோது வாசகர்கள் கேள்வி கேட்கவும் விடை அனுப்பவும் அதில் ஒரு பகுதி வைத்தார்கள். பட்டம் பெறாத ராமானுஜன் 1911இல் அந்தப் பகுதிக்குத்தான் கேள்விகள் அனுப்பினார். அவற்றில் ஒன்று 289ஆம் கேள்வி: √(1+2√(1+3√(1+4√(1+…)))) என்பதன் மதிப்பு என்ன? ஆறு மாதத்துக்கு மேல் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே விடை தந்தார். அது 3.

இரு துறைகளும் சேர்ந்து உட்கார இதைவிடப் பொருத்தமான கணக்கு குறைவு. கணினி மாணவர்கள் நிரல் எழுதட்டும். முதலில் பலர் வெளியிலிருந்து உள்ளே போகும்படி லூப் எழுதுவார்கள், அது ஓடாது. கடைசி மூலத்தில் தொடங்கி வெளியே வர வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மூலத்தோடு நிறுத்தினால் 1.732, இரண்டில் 2.236, மூன்றில் 2.560, நான்கில் 2.755 என்று மதிப்பு ஏறிக்கொண்டே போகும். கணித மாணவர்கள் இதற்குள் 3 = √(1+2×4), 4 = √(1+3×5), 5 = √(1+4×6) என்று விரித்துக் காட்டி, முடிந்தது என்று பேனாவை வைத்துவிடுவார்கள். பொறுப்பாசிரியருக்கு வேலை தொடங்குவது அந்த இடத்தில்தான். 4ஐயும் அப்படியே விரிக்க முடியுமே என்று கேளுங்கள். 4 = √(1+2×7.5). அந்த 7.5 என்பது √(1+3×221/12). இப்படியே எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். அப்படியானால் விடை 4 என்றும் சொல்லலாமா? அறை அமைதியாகிவிடும்.

அந்த அமைதியிலிருந்து எல்லை என்ற கருத்தின் தேவை பிறக்கும். சரியான வாதத்துக்கு அதிகம் தேவையில்லை. உள்ளே இருக்கும் எண்ணை ஒரு விகிதத்தில் குறைத்தால், ஒரு வர்க்கமூலத்தைத் தாண்டி வெளியே வரும்போது மதிப்பு குறையும் விகிதம் அதன் வர்க்கமூலத்துக்குக் கீழே போகாது. நான்கு மூலத்தோடு நிறுத்தும்போது உள்ளே 7 இருக்க வேண்டிய இடத்தில் 1 வைக்கிறோம். வெளியே வருவதற்குள் 1/7 என்ற அந்த விகிதம் 1/7இன் 16ஆம் மூலமாக உயர்ந்து 0.885 ஆகிவிடும். பத்து மூலம் போனால் 1/13இன் 1024ஆம் மூலம், விடை 2.99க்குக் கீழே இறங்க வழியில்லை. 4இன் விரிவில் உள்ளே வைக்க வேண்டிய எண் கட்டுக்கடங்காமல் பெருகுவதால் இந்த வாதம் அங்கே எடுபடாது. நிரல் எழுதியவரும் சான்று எழுதியவரும் ஒரே கரும்பலகை முன் நின்றால் இது ஒரு மணி நேரத்தில் நடந்துவிடும். தனித்தனி வகுப்பறையில் மூன்று ஆண்டு இருந்தாலும் நடக்காது.

இனி நடைமுறை. முதல் சிக்கல் டே ஆர்டர், அதாவது கிழமைக்குப் பதில் வேலை நாள்களை 1, 2, 3 என்று எண்ணிச் சுழற்றும் முறை. ஆறு டே ஆர்டர் முறையுள்ள கல்லூரியில் "புதன்தோறும்" என்று அறிவித்தால், ஒரு விடுமுறை வந்ததும் அந்த மணியில் வேறு வகுப்பு வந்து மோதும், மூன்றாம் வாரத்தில் நின்றுபோகும். அதனால் கிழமையைக் குறிக்காமல் கால அட்டவணையில் ஒரு டே ஆர்டரின் ஒரு மணியாகவே எழுதிவிடுங்கள். இரு துறைக்கும் அது ஒரே மணியாக இருக்க வேண்டும். 90 வேலை நாளில் 15 முறை வரும், இன்டர்னல் தேர்வுகளைக் கழித்தாலும் 12 கிடைக்கும். கடைசி மணியில் மட்டும் வைக்காதீர்கள். ஊர்ப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய மாணவி பாதியில் எழுந்து போவார், அடுத்த முறை வரவே தயங்குவார். மதிய உணவுக்கு முந்தைய மணி நல்லது. பேச்சு சூடு பிடித்தால் பத்து நிமிடம் கூடுதலாக ஓடும்.

ஒரு அறைக்கு 15 முதல் 25 பேர் வரை இருக்கலாம். அதற்கு மேல் வந்தால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். மூன்று கணக்குகள் போதும். முதலாவது யாரும் கைவைக்கக்கூடியது, இரண்டாவது முக்கால்வாசிப் பேரைச் சிக்கவைப்பது, மூன்றாவது அன்று முடியாமல் போகக்கூடியது. முதல் பத்து நிமிடம் ஒவ்வொருவரும் தனியாக, பேச்சில்லாமல் போட வேண்டும். அடுத்த இருபது நிமிடம் மூன்று பேர் கொண்ட குழுக்களாக. பிறகு இருபது நிமிடம் கரும்பலகை. மிச்சமுள்ள நேரம் பதிவேடு எழுத.

குழுவில் கணித மாணவர்களும் கணினி மாணவர்களும் கலந்திருக்க வேண்டும். தாங்களாகவே கலக்க மாட்டார்கள், முதல் நான்கு வாரம் நீங்கள்தான் பெயர் சொல்லி உட்காரவைக்க வேண்டும்.

முதல் முப்பது நிமிடம் ஆசிரியர் விடையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. கேட்பதற்கு எளிய விதி, கடைப்பிடிப்பதில் மிகக் கடினமானது இதுதான். நமக்குப் பத்து நிமிட மௌனம் தாங்காது, சாக்பீஸை எடுத்துவிடுவோம். எடுத்த அந்த நிமிடமே இது இன்னொரு டியூட்டோரியல் வகுப்பாகிவிடும். அடுத்த ஆபத்து, இரண்டு கெட்டிக்கார மாணவர்கள் மட்டும் ஒவ்வொரு வாரமும் விடை சொல்வது. விடை கண்டவர் பலகைக்கு வரக்கூடாது, தன் குழுவில் உள்ள இன்னொருவருக்குப் புரியவைக்க வேண்டும், அவர்தான் வந்து எழுத வேண்டும் என்று வைத்துவிடுங்கள். கண்டுபிடித்தவரின் சான்றில் இருக்கும் ஓட்டைகள் எல்லாம் அப்போது வெளியே வரும். மூன்றாவது ஆபத்து, பல்கலைக்கழக வினாத்தாள் கணக்குகளை இங்கே கொண்டுவருவது. மாணவர்களே கேட்பார்கள். மறுத்துவிடுங்கள், அதற்கு வேறு மணி இருக்கிறது.

மொழியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அரசுக் கல்லூரிகளிலும் உதவிபெறும் கல்லூரிகளிலும் முதலாண்டு மாணவர்களில் பலர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். பதினோராம் வகுப்பில் கணிதத் தொகுத்தறிதலை ஒழுங்காகப் படித்தவர், இங்கே இண்டக்ஷன் என்று கேட்டதும் புதிதாக ஏதோ என்று நினைத்து மிரண்டு போகிறார். பகா எண், கெழு, சார்பு, முற்றொருமை, அணிக்கோவை எல்லாம் அவருக்குத் தெரிந்தவைதான். கணக்குத் தாளை இரு மொழியிலும் அடியுங்கள், அரைப் பக்கம்தான் கூடும். சான்றைத் தமிழில் சொல்ல விடுங்கள், குறியீடு உலகம் முழுக்க ஒன்றுதான். ஆங்கிலத்தில் எழுதும் பழக்கம் இரண்டாம் செமஸ்டரில் தானாக வரும். முதல் செமஸ்டரிலேயே வாயடைத்துப் போனவர் பிறகு பேசவே மாட்டார்.

கணினித் துறைக்குத் தனியாகச் சில சொற்கள். மாணவர்களை நிரல் போட்டிகளுக்கு அனுப்பும்போது முதல் ஆண்டு முழுக்கத் தோல்விதான் வருகிறது. காரணம் பெரும்பாலும் அறிவுக்குறைவு அல்ல, லேப் பழக்கம். ரெக்கார்டு நோட்டில் எழுதும் ஒவ்வொரு நிரலும் எண்ணை உள்ளிடச் சொல்லும் ஒரு வாக்கியத்தோடு தொடங்குகிறது. அதே நிரலைத் தானியங்கித் திருத்திக்குக் கொடுத்தால், அந்த ஒரு வாக்கியத்தாலேயே விடை தவறு என்று வரும். திருத்தி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. இன்னும் சில லேப்களில் டர்போ சி என்ற பழைய கம்பைலர் ஓடுகிறது. வாய்ட் மெயின், திரையைத் துடைக்கும் கட்டளை, கொனியோ கோப்பு இவற்றோடு எழுதிப் பழகியவரின் நிரல் வெளியே கம்பைல்கூட ஆகாது. டர்போ சியில் முழு எண்ணுக்கு 16 பிட்தான், 32767க்கு மேல் போகாது. 7இன் ஃபேக்டோரியல் 5040 சரியாக வரும், 8இன் ஃபேக்டோரியல் கேட்டால் 40320க்குப் பதில் -25216 வரும். ஜிசிசி கம்பைலருக்கு மாறுங்கள், இலவசம்தான், பழைய சிஸ்டத்திலும் லினக்ஸில் ஓடும்.

ஐசிபிசி என்ற, கல்லூரி அணிகளுக்கான உலக நிரல் போட்டியின் அமைப்பை மாதம் ஒரு முறை லேபிலேயே நடத்திப் பாருங்கள். மூன்று பேருக்கு ஒரே ஒரு கணினி, ஐந்து மணி நேரம். தீர்த்த கணக்கில், அதற்கு முன் அனுப்பிய ஒவ்வொரு தவறான விடைக்கும் 20 நிமிட அபராதம். கடைசி ஒரு மணி நேரம் மதிப்பெண் பலகை உறைந்து நிற்கும். மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் தோற்றார்கள். ஒருவர் தட்டச்சு செய்யும்போது இன்னொருவர் அடுத்த கணக்கைத் தாளில் முடித்திருக்க வேண்டும், மூன்றாமவர் தவறான நிரலின் அச்சுப்பிரதியை வைத்துப் பிழை தேட வேண்டும். இந்த வேலைப் பங்கீடு பழகவே நான்கைந்து போட்டிகள் ஆகும்.

கணக்கைப் படித்ததும் முதலில் பார்க்க வேண்டியது உள்ளீட்டின் அளவு. ஒரு லட்சம் எண்கள் என்றால், ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடும் வழி ஆயிரம் கோடிச் செயல்களைக் கேட்கும். ஒரு நொடிக்குப் பத்துக் கோடி எளிய செயல்கள் என்பது பொதுவான கணக்கு, அப்படியானால் நூறு நொடி. கொடுத்திருப்பது ஒன்றோ இரண்டோ நொடி. ஆகவே வரிசைப்படுத்தித் தேடும் வழியைத்தான் யோசிக்க வேண்டும். இதை நிரல் எழுதும் முன்பே தாளில் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்தால் பாதி வேலை முடிந்தது.

கல்லூரி நெட்டில் போட்டித் தளங்கள் அடைபட்டிருக்கும். ஃபயர்வாலைத் திறக்கக் கடிதம் எழுதிக்கொண்டே ஒரு செமஸ்டர் போய்விடும். டோம்ஜட்ஜ் என்ற கட்டற்ற மென்பொருளை லேபின் உள் வலையமைப்பிலேயே நிறுவலாம், வெளி நெட் தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். சர்வர் ஒரு கணினியிலும், நிரல்களை ஓட்டிப் பார்க்கும் பகுதி வேறொரு கணினியிலும் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால், எல்லாரும் ஒரே நேரத்தில் பக்கத்தைத் திறக்கும்போது ஓட்ட நேரம் ஏறி, சரியான விடைக்கும் நேரம் கடந்தது என்று வரும். நேர வரம்பை உங்கள் சொந்த விடையில் மிக மெதுவானதைப் போல இரண்டு மூன்று மடங்கு வையுங்கள். சோதனைத் தரவில் ஒரே ஒரு எண் உள்ளது, எல்லாம் சமமானது, எதிர்மறை எண்கள் கொண்டது, உச்ச அளவு இந்த நான்கும் கட்டாயம். விண்டோஸில் தயாரித்த தரவுக் கோப்பில் வரி முடிவுக் குறி வேறாக இருக்கும், லினக்ஸில் ஓட்டும்போது எழுத்துச்சரக் கணக்குகள் அதனால் சறுக்கும். ஏற்றும் முன் மாற்றிவிடுங்கள். இதுவும் முடியாதென்றால் ஒரு பென்டிரைவில் உள்ளீட்டுக் கோப்பும் விடைக் கோப்பும் போதும், ஒப்பிட்டுப் பார்க்க டிஃப் கட்டளை ஒரு வரி.

மாணவர் கருத்தரங்கை மாதம் இருமுறை வைக்கலாம். நாற்பது நிமிடம், ஒரு தேற்றம், சாக்பீஸ் மட்டும். பிபிடி வேண்டாம், அதில் சான்று நொடியில் நகர்ந்துவிடும், பேசுபவருக்கே புரிந்ததா என்று தெரியாது. முன்கூட்டி ஓர் ஆசிரியர் முன் இரண்டு முறை பேசிப் பார்க்க வேண்டும். கேள்வி நேரத்தில் ஆசிரியர்கள் கடைசியில் கேட்கட்டும்.

ஆசிரியர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மன்றப் பொறுப்பு பெரும்பாலும் துறையில் இளையவர் தலையில் விழுகிறது. அதே ஆள் நாட்டு நலப்பணித் திட்டத்தையும் தேர்வுப் பணியையும் பார்ப்பார். யுஜிசியின் 2018 விதிமுறையில் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் கற்பித்தல் என்று இருக்கிறது. இந்த ஒரு மணியை அந்தப் பதினாறுக்குள் எழுதுங்கள், பதினேழாவதாக ஏற்றாதீர்கள். இரண்டு துறையிலிருந்தும் ஆளுக்கு இருவர் முறைவைத்து வந்தால் யாரும் களைக்க மாட்டார்கள். மாதம் ஒரு முறை ஆசிரியர்கள் மட்டும் உட்கார்ந்து அடுத்த நான்கு வாரக் கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். துறைத் தலைவரும் வந்து தாளில் போட வேண்டும், சிக்கிக்கொண்டால் சிக்கிக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். மூத்த பேராசிரியர் ஒருவர் அரை மணி நேரம் தடுமாறுவதை மாணவர்கள் பார்ப்பது, எந்தச் சொற்பொழிவையும்விட அவர்களுக்குத் தைரியம் கொடுக்கும்.

நாக் என்ற தர மதிப்பீட்டு அமைப்பின் வருகைக்கும் உள்தர உறுதிக் குழுவுக்கும் ஆவணம் வேண்டும் என்பீர்கள். நியாயம்தான். சுற்றறிக்கை, அழைப்பிதழ், வருகைப் பதிவு, இடக்குறியோடு புகைப்படம், பின்னூட்டப் படிவம் என்று ஒரு நாள் நிகழ்ச்சிக்குப் பின்னால் ஒரு வாரம் ஓடுகிறது. இதற்கு ஒரு நீள நோட்டுப் போதும். தேதி, டே ஆர்டர், மூன்று கணக்குகள், வந்தவர் கையெழுத்து, பலகைக்கு வந்தவர் பெயர், தீராமல் நின்ற கணக்கு, பொறுப்பாசிரியர் கையெழுத்து. அன்றைய பலகையைக் கைப்பேசியில் ஒரு படம். செமஸ்டர் முடிவில் பன்னிரண்டு பக்கமும் பன்னிரண்டு படமும் இருக்கும். முதல் பக்கத்தில் பெயரே வராத மாணவி எட்டாம் பக்கத்தில் பலகைக்கு வந்திருப்பதை அதில் காட்டலாம்.

துறை வாசல் பலகையில் ஒரு மூலையை அறிவிப்புகளுக்கு விடுங்கள். ஐஐடிகளில் முதுநிலை சேர்வதற்கான ஜேம் தேர்வு பிப்ரவரியில், ஆனால் விண்ணப்பம் அதற்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். மூன்றாமாண்டு டிசம்பரில் கேள்விப்படுபவருக்கு ஓர் ஆண்டு வீண். இளநிலை மாணவர்களுக்கான மாதவா கணிதப் போட்டி ஜனவரியில். 1993 முதல் நடக்கும் எம்டிடிஎஸ் என்ற கோடைக் கணிதப் பயிற்சியில் ஆசிரியர் கேள்வி கேட்டு மாணவரை யோசிக்க வைக்கும் முறையில்தான் வகுப்பு நடக்கும், நீங்கள் இங்கே தொடங்கப்போவதும் அதே முறைதான். சென்னைக் கணிதக் கழகத்தின் நுழைவுத்தேர்வு மே மாதத்தில். இவற்றை முதலாமாண்டிலேயே சொல்லுங்கள்.

முதல் மணிக்கான தாளை இத்துடன் வைக்கிறோம்.

ஒன்று. 1 முதல் 10 வரையுள்ள எண்களில் எந்த ஆறை எடுத்தாலும், அவற்றுள் ஏதோ ஒன்று வேறொன்றை மீதியின்றி வகுக்கும். ஏன்? பொறுப்பாசிரியருக்கு: 6, 7, 8, 9, 10 என்ற ஐந்தில் அப்படி இல்லை என்பதை முதலில் அவர்களே பார்க்கட்டும். பலர் 1-2, 3-4 என்று அடுத்தடுத்த எண்களை ஜோடி சேர்ப்பார்கள். அதில் பொதுக் காரணி இல்லாத இரண்டு எண் கிடைக்குமே தவிர, கேட்டது கிடைக்காது. முப்பது நிமிடம் கழித்தும் நகரவில்லை என்றால், ஒவ்வோர் எண்ணையும் இரண்டால் முடிந்தவரை வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1, 3, 5, 7, 9 என்று ஐந்தே மிச்சம் வரும்.

இரண்டு. குறியில்லா 32 பிட் முழு எண்ணில் ஃபேக்டோரியல் கணக்கிடும் நிரலை எழுதி ஓட்டுங்கள். 33க்கு 2147483648 வருகிறது, 34 முதல் எதைக் கொடுத்தாலும் சுழி வருகிறது. ஏன் சரியாக 34இல்? 64 பிட்டில் எங்கே சுழியாகும்? பொறுப்பாசிரியருக்கு: 34இன் ஃபேக்டோரியலில் இரண்டு எத்தனை முறை காரணியாக வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். 17+8+4+2+1. இரண்டாம் கேள்விக்கு விடை 66.

மூன்று. தளத்தில் சில புள்ளிகள், எல்லாம் ஒரே கோட்டில் இல்லை. அவற்றுள் சரியாக இரண்டே புள்ளிகள் வழியாகச் செல்லும் கோடு ஒன்று நிச்சயம் இருக்கும் என்று காட்டுக. பொறுப்பாசிரியருக்கு: 1893இல் சில்வெஸ்டர் கேட்ட கேள்வி, நாற்பது ஆண்டுக்கு மேல் சான்றில்லாமல் கிடந்தது. இன்று தெரிந்த சான்று அரைப் பக்கம்தான். எந்தப் புள்ளிக்கும் அதன் மேல் செல்லாத, வேறு இரண்டு புள்ளிகளை இணைக்கும் எந்தக் கோட்டுக்கும் இடையிலான தூரங்களில் மிகச் சிறியதை எடு என்பது திறவுகோல். அதை முதல் வாரத்தில் சொல்லிவிடாதீர்கள். கணக்கைப் பலகையின் ஓரத்தில் எழுதி, அழிக்க வேண்டாம் என்று துப்புரவுப் பணியாளர் அம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
கணித வட்டமும் நிரல் பயிற்சியும் நடத்திவரும் ஆசிரியர்கள் சிலர்